நீரோட்டம்

எங்கள் கிளையில் நகைக்கடன் மேஜை என்னுடையது. மதிப்பீட்டாளர் உரைத்துப் பார்த்து, கல் எடையைக் கழித்துச் சொல்வார்; நான் கணினியில் ஏற்றுவேன். சென்ற மாதம் ஒரு கிழவி வைரத் தோட்டோடு வந்தாள். "கல்லுக்கு இங்கே காசு கிடையாது பாட்டி" என்றார் மதிப்பீட்டாளர். "நீரோட்டம் பாத்து வாங்கினதுப்பா" என்றாள். கல் எடை கழிந்தது.

வைரத்தின் ஒளியை நீர் என்கிறோம். ஒரு காலத்தில் படிமமாக இருந்து, தேய்ந்து, தொழில் வார்த்தையாகிவிட்டது. அதில் ஈரத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் நிஜமாகவே நீர் வைத்திருந்த ஒரு வைரம் உண்டு. அதன் பொருட்டு நான் ஒருவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

பிரேஸிலில் ஜூயினா என்ற ஊர்ப்பக்கம் ஆற்றுச் சரளையிலிருந்து எடுத்த கல் அது. பழுப்பு நிறம், சுமார் 3 மில்லிமீட்டர். நகைக்கு உதவாது. வேறொரு தாதுவைத் தேடிக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவர் ஜான் மெக்நீல், 2009ல் அதற்குள் ரிங்வுடைட் என்ற தாதுவின் துணுக்கைக் கண்டார். அளவு 0.04 மில்லிமீட்டர். நகைக்கடையில் இதைத் தோஷம் என்று ஒதுக்கியிருப்பார்கள். ஆஸ்திரேலியரான ரிங்வுட்டின் பெயர் கொண்ட அந்தத் தாது அதுவரை விண்கற்களிலும் சோதனைச்சாலையிலும்தான் கிடைத்திருந்தது. பூமிக்குள் அது இருக்கக்கூடிய இடம் சுமார் 520 முதல் 660 கிலோமீட்டர் ஆழம். கிரஹாம் பியர்ஸன் குழுவினர் 2014 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் விவரம் வெளியிட்டார்கள்: துணுக்கின் எடையில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் நீர்.

அந்தப் பிரதேசம் முழுக்க இப்படியிருந்தால் மேலேயுள்ள கடல்களுக்குச் சமமாகவோ அதிகமாகவோ நீர் தேறும் என்றார்கள். 'இருந்தால்' என்பதை விழுங்கிவிட்டுப் பத்திரிகைகள் பாதாளக் கடல் என்று தலைப்புப் போட்டன. 1864ல் ஜூல் வெர்ன் கதையில் வைத்த கடலேதான். வாஸ்தவத்தில் கடல் கிடையாது, ஒரு சொட்டும் கிடையாது. ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் ஜோடியாகப் படிகத்தின் கட்டமைப்பில் பிணைந்து கிடக்கின்றன. தொட்டால் நனைக்காத நீர்.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த கட்டம். இந்தப் பாறை 660 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கும்போது அழுத்தத்தில் வேறு தாதுக்களாக மாறுகிறது. புதிய தாதுக்களுக்கு அவ்வளவு நீரை வைத்துக்கொள்ள இடமில்லை. வெளியே தள்ளப்பட்ட நீர் பாறையின் உருகுநிலையைத் தாழ்த்துகிறது. பாறையில் ஒரு சிறு பங்கு உருகுகிறது. உருகிய குழம்புக்குள்ளேயே நீரும் கரைந்துவிடுகிறது. ஷ்மாண்ட், ஜேக்கப்ஸன் முதலியோர் 2014 ஜூனில் 'சயன்ஸ்' இதழில், வட அமெரிக்காவின் அடியில் 660க்குச் சற்றுக் கீழே சில இடங்களில் நிலநடுக்க அலைகளின் வேகம் குறைவதை இப்படித்தான் விளக்கினார்கள். ஆக, அங்கே நீரை நீராகப் பார்க்கவே முடியாது. கல் கெட்டிதட்டி நிற்க முடியாமல் போவதிலிருந்து ஊகிக்க வேண்டியதுதான்.

அந்த வருஷம் நண்பர்கள் நடத்திய சிறு பத்திரிகைக்கு வந்த கவிதைகளைப் படித்துத் தேர்ந்தெடுப்பது என் வேலை. பி.ஏ. இங்கிலீஷ் என்ற தகுதி போதுமானதாக இருந்தது. பாதாளக் கடலைப் பற்றி ஒரே வாரத்தில் இரண்டு கவிதைகள் வந்தன. ஒன்றில் அலை, ஆழி, கர்ப்பம், ஆதித்தாய் எல்லாம் இருந்தன. 'பிரபஞ்ச தரிசனம்' என்று குறிப்பெழுதி முதல் பக்கத்தில் போடச் செய்தேன். தலைப்புச் செய்தியைத் தவிர அந்தக் கவிஞர் எதையும் படித்திருக்கவில்லை என்பது இப்போது தெரிகிறது. நானும் படித்திருக்கவில்லை.

மற்றது ஒன்பது வரி. ஒரு ஆரம்பப் பள்ளி ஆசிரியர் எழுதியது. கல்லுக்குள் நீர் இருக்கிறது, கல்லுக்கு அது தெரியாது, பாரம் கூடும்போது நீர் விலகுகிறது, கல் இளகுகிறது என்பதுபோல் போகும். உவமையே கிடையாது. 'வறட்சி, விஞ்ஞானப் பாடம், அனுபவமாகவில்லை' என்று மூன்று காரணம் எழுதினேன். மூன்றும் எனக்குப் பழக்கமான கல் எடைக் கழிவு. அவர் அதன்பின் எதுவும் அனுப்பவில்லை. வேறெங்கும் அவர் பெயரை நான் பார்க்கவில்லை.

அந்த ஒன்பது வரியை இப்போதாவது அச்சிடலாமென்றால் பிரதி என்னிடம் இல்லை. சுயவிலாசமிட்டுத் தபால்தலை ஒட்டிய உறையும் வைத்திருந்தார். ஒழுங்காகத் திருப்பி அனுப்பிவிட்டேன்.