கோள் அலை

சிங்கப்பூரின் முதல் துணை நகரமாகிய குவீன்ஸ்டவுனில், அடுக்குமாடி வீடொன்றின் பத்தாம் தளத்தில் வாழ்கிறார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, சிறுவனாக 'ரஜூலா' கப்பலேறிப் பல நாள் கடற்பயணத்தின்பின் இம்மண்ணில் கால் வைத்தவர். பிறந்த ஊரைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால், பேரப்பிள்ளைகள் மெல்ல எழுந்து சென்றுவிடுவர். அவ்வூரின் நினைவு தம்மோடு முடிந்துவிடுமோ என்னும் ஏக்கம் அவர் நெஞ்சில் நெடுநாளாக உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வளிமண்டல ஆய்வில் ஈடுபட்டிருந்த மூத்த பேத்தி அவரிடம் வந்தாள். தன் துறையைப் பற்றிப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழில் உரையாற்றும்படி அவளுக்கு அழைப்பு வந்திருந்தது.

"என்னால் முடியாது, தாத்தா. இதற்கெல்லாம் தமிழில் சொல் இல்லை. மறுத்துவிடப் போகிறேன்" என்றாள்.

"சொல் கிடக்கட்டும் அம்மா. முதலில் பொருளைச் சொல்" என்றார் ஆசிரியர்.

"திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரம் என்று ஓர் ஊர்..."

ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிருஷ்ணாபுரம் என்றால் அவர் கண்முன் நிற்பவை கோயிற் சிற்பங்கள். அவள் அறிந்திருந்ததோ, அங்குள்ள இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1992இல் இயங்கத் தொடங்கிய ரேடார்!

அந்த ரேடார் 1.98 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலைகளை மேல்நோக்கி அனுப்பும். ஏறக்குறைய 70 முதல் 98 கிலோமீட்டர் வரையான உயரத்தில் உள்ள எலக்ட்ரான்கள் அவற்றில் மிகச் சிறு பகுதியைத் திருப்பிவிடும். தரையில் முக்கோணமாக நிறுத்திய மூன்று ஏற்பிகளில் அந்த எதிரொலி முன்பின்னாக வந்து சேரும். அந்தக் கால வேறுபாட்டிலிருந்து அங்கு வீசும் காற்றின் திசையும் வேகமும் புலப்படும். இவ்வாறு நாள்தோறும் அளந்துவந்தால், காற்று ஏறக்குறைய 2 நாள், 6.5 நாள், 16 நாள் என்னும் கால முறைகளில் ஏறி இறங்குவது தெரியவரும். இவற்றுள் 6.5 நாள் அலைக்கு உலகைச் சுற்றிலும் ஒரே முகடு, ஒரே அகடு. ஓரிடத்திலிருந்து காண்பவர்க்கு அதன் ஏற்ற இறக்கமே தெரியும். மேற்குச் சுமத்திராவின் கோத்தோத்தபாங் போன்ற தொலைவிடத்து ரேடாரின் பதிவுகளோடு ஒப்பிட்டால்தான் அதன் நீளமும் போக்கும் விளங்கும்.

"கிரக அலை என்று சொல்லலாமா, தாத்தா?"

"வேறு கிரகங்கள் எழுப்பும் அலை என்று மாணவர் மயங்குவர். பூமியும் ஒரு கோள்தானே? அக்கோளின் அளவுக்கு விரிந்த அலை என்று முதலில் விளக்கு. பிறகு 'கோள் அலை' என்று சொல். சொல் தானே நிற்கும்."

அவள் தாளில் எழுதினாள். 'கோல் அலை' என்று இருந்தது. ஆசிரியர் சிரித்துக்கொண்டே லகரத்தை ளகரமாக்கினார்.

இரவு உணவுக்குப் பிறகும் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். திடீரென்று தலைதூக்கி, "அந்த 6.5 நாள் அலை மேற்கு நோக்கிச் செல்வது, தாத்தா. நம் வீட்டின் மேலே கடந்து செல்லும் முகடு, ஏறக்குறைய 11 மணி நேரத்தில் உங்கள் ஊர் வானத்தை அடைந்துவிடும்" என்றாள்.

'உங்கள் ஊர்' என்பதை 'நம் ஊர்' என்று திருத்த ஆசிரியரின் நா எழுந்தது. ஆயினும் அவர் திருத்தவில்லை. அவள் அதற்குள் இரண்டாம் பக்கத்தைத் தொடங்கியிருந்தாள்.