தம் கட்டாதீங்கப்பா

அப்பா அரிசி மண்டியில் லோடுமேன். "தம் கட்டித் தூக்குடா"ன்னுதான் எனக்கும் சொல்லிக் கொடுத்தார்.

போன லீவில் மண்டியிலேயே தலைசுற்றி உட்கார்ந்துட்டார். பிரஷர் 170/100. "தூக்கும்போது மூச்சை அடக்குவீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். மூச்சை அடக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும். இறுகிய தசை ரத்தக்குழாய்களை நெரிக்கும். 1985-ல் கனடாவில் ஐந்து பாடிபில்டர்கள் இரண்டு காலாலும் கனமான எடையைத் தள்ளும்போது அளந்து பார்த்தார்கள். சராசரி உச்சம் 320/250! எடையை இறக்கினதும் பிரஷரும் இறங்கிடும். ஆனா ஏற்கெனவே பிரஷர் உள்ளவருக்கு ஒவ்வொரு மூட்டையும் ரிஸ்க்.

"மூச்சை விட்டுக்கிட்டே தூக்குங்கப்பா, மாத்திரையை நிறுத்தாதீங்க" என்றேன். "நீ வேலைக்குப் போறவரைக்கும்தான்டா" என்று சிரித்தார்.

எனக்கு ஜூலையில் ஜாயினிங். அதுவரை எத்தனை மூட்டைன்னு கணக்குப் போட பயமா இருக்கு.