நெசவாளர் மகன் பேணிய புற்றரை

ஸ்கொத்லாந்தின் கீழ்க்கரையில் வடகடலை நோக்கியிருக்கும் சென் அன்ட்ரூஸ் நகரை நாம் அடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொல்ப் விளையாட்டின் தாயகமென உலகம் போற்றும் பழைய திடலில் அன்று ஒரு பந்தேனும் உருளக் காணோம். தாய்மார் தள்ளுவண்டிகளில் குழந்தைகளை வைத்து உலாவினர். நாய்கள் மணற்பள்ளங்களைச் சுற்றி ஓடின. பெரும் போட்டிக் காலங்கள் நீங்கலாக, ஞாயிறுதோறும் அந்நிலத்துக்கு ஓய்வு.

இத்திடலை வகுத்தவர் யாரெனில் ஒருவர் பெயரைச் சொல்லுதல் அரிது. கடற்காற்றும் மணல்மேடும் ஆடுகளுமே முதற் சிற்பிகள். குளிர்காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்த இடங்களே மணற்பள்ளங்களாயின என்பர். 1764இல் இங்கே 22 குழிகளை 18 ஆகக் குறைத்தனர். பிற்காலத்தில் உலகமெங்கும் 18 என்பதே வழக்காயிற்று.

ஆயினும் இந்நிலத்தில் ஆழப் பதிந்த கை ஒன்றுண்டு. அது 1821இல் இவ்வூரிலே நெசவாளர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்த டொம் மொறிஸுடையது. அவர், அலன் றொபேட்சன் என்னும் பந்து செய்வோரிடம் தொழில் பயின்றார். தோற்பையில் இறகைத் திணித்துத் தைக்கும் அப்பந்துகளில், கைதேர்ந்தவரும் நாளொன்றுக்கு நாலைந்துக்கு மேற் செய்யமாட்டார். விலையோ அதிகம். அந்நேரத்தில், மலாயாக் காட்டு மரத்தின் பாலை உறையவைத்து உருட்டிய கட்டாபெர்ச்சாப் பந்து மலிவாய் வந்திறங்கியது. (நம்மவர் பலர் உத்தியோகம் பார்த்த மலாயாவின் மரம், இங்கே ஒரு கைத்தொழிலைக் கவிழ்த்தது!) மொறிஸ் ஒருநாள் அப்பந்தால் ஆடினார் என்றறிந்த றொபேட்சன் சினந்தார். இருவரும் பிரிந்தனர். 1851இல் மேற்குக் கரையிலுள்ள பிறெஸ்ட்விக் சென்று, மொறிஸ் 12 குழிகள் கொண்ட திடலொன்றை வகுத்தார். முதலாவது 'ஓப்பன்' போட்டி 1860இல் நடைபெற்றது அங்கேதான். பிழைப்புப் போயிற்றென்று வெளியேறியவர் ஒரு புதிய தொழிலையே தோற்றுவித்தாரெனல் மிகையன்று.

பின்னர் சென் அன்ட்ரூஸ் அவரை மீள அழைத்தது. திடற் காவலராய் வந்தவர் புல்மீது மணலைத் தூவித் தூவி அதனைச் செழிக்கச் செய்தார். முதலாம், பதினெட்டாம் குழிகளின் புற்றரைகளைப் புதிதாய் அமைத்தார். விளையாடுவோருக்கு வேண்டாவிடினும் நிலத்துக்கு ஓய்வு வேண்டும் என்பது அவர் கொள்கையாகக் கூறப்படுகிறது.

1924இல் இத்திடலை அளந்து படம் வரைந்த அலிஸ்டர் மக்கென்சியோ வேறு வகையினர்: கேம்பிரிட்ஜில் பயின்ற வைத்தியர். போவர் யுத்தத்திற் பணியாற்றியபோது, எதிரிகள் தம் அரண்களை நிலத்தோடு நிலமாய் மறைத்த நுட்பத்தைக் கண்டார். அதனையே பின்னர்த் திடல் அமைப்பிற் கையாண்டார். அமெரிக்காவின் ஒகஸ்டா திடலை பொபி ஜோன்ஸுடன் வகுத்த அவர், அங்கு முதற் போட்டி நடக்குமுன் 1934 ஜனவரியிற் காலமானார்.

மாலையில் தேவாலய இடிபாடுகளிடையே மொறிஸின் சமாதியைத் தேடிச் சென்றோம். அவர் மகனும் டொம் என்ற பெயரினனே. நான்கு முறை ஓப்பன் வென்றவன். 1875 செப்டெம்பரில் தந்தையும் மகனும் வெளியூரில் ஆடிக்கொண்டிருக்கையில் தந்தி வந்தது. பிரசவத்தில் மனைவியும் சிசுவும் மாண்டனர். அவ்வாண்டு நத்தார் தினத்தில் மகனும் இறந்தான், வயது 24. தந்தை அதன்பின் 32 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, அவற்றுட் பெரும்பகுதியில் அதே புல்லைப் பேணினார். சுவரிற் செதுக்கிய உருவில் மகன் இன்றும் பந்தடிக்கக் குனிந்து நிற்கிறான். அதன் முன்னே, 1908இல் மறைந்த தந்தையின் கல் கிடக்கிறது.