மாடு இருக்கிற வீடும் வண்டலூர் பயணமும்

மாடு வெச்சிருக்கிற வீட்ல புருஷனும் பொண்டாட்டியும் ஒண்ணா வெளியூர் போறது அபூர்வம். ஒருத்தர் கல்யாணத்துக்குப் போனா, இன்னொருத்தர் பால் கறக்க நிக்கணும். போன மார்கழியில சம்பா களையெடுப்பு முடிஞ்சு கொஞ்சம் ஓய்வு. சாயங்காலக் கறவையைப் பக்கத்து வீட்டுத் தம்பி ஏத்துக்கிட்டாரு. நாங்க செங்கல்பட்டுல மின்சார ரயில் ஏறி வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போனோம்.

1855-ல சென்னையில ஆரம்பிச்சு, 1985-ல வண்டலூருக்கு வந்த பூங்கா. பரப்பு சுமார் 600 ஹெக்டேர். நம்ம கணக்குல கிட்டத்தட்ட 1,500 ஏக்கர். கோடையில போனா புலியும் சிங்கமும் நிழல்ல படுத்தே கிடக்கும். மார்கழிக் குளிர்ல நல்லா நடமாடிச்சுங்க. வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால பாதி தூரம் பேட்டரி வண்டி, பாதி நடை.

நான் நீர்யானையைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அவ, தீனி வைக்கிறவரைப் பார்த்துக்கிட்டிருந்தா.

"செவ்வாய்க்கிழமை பூங்கா லீவாமே, அன்னிக்குத் தீனி யாருங்க வைப்பாங்க?"

"பார்க்க வர்றவங்களுக்குத்தாம்மா லீவு. நாங்க முறை வெச்சு வருவோம்."

திரும்பி வர்றப்ப ரயில்ல கேட்டா: "என்னங்க, அவங்களுக்கு முறை மாத்த ஆள் இருக்கு. நமக்கு?"

மாட்டை வித்துடுங்கன்னு பையன் ரொம்ப நாளா சொல்றான். வித்தா பால் காசும் போச்சு, எருவும் போச்சு. மறுநாள் அவளே பக்கத்து வீட்ல பேசினா. தை மாசம் அவங்க குடும்பத்தோட திருப்பதி போனாங்க. மூணு நாள் அவங்க மாட்டை நாங்க கறந்தோம்.

மாடு ரெண்டும் இப்பவும் தொழுவத்துல தான் இருக்கு. அடுத்த முறை எங்களோடது.