எதிரில வாறவருக்கும் கண் இருக்கு

பெரியப்பாவின்ர மொறிஸ் மைனருக்கு எங்கட வயசைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு வயசு. நாங்கள் மூன்று பேர். எங்களில் ஒராளுக்குத்தான் அவர் சொந்தப் பெரியப்பா, மற்ற இரண்டு பேரும் கூப்பிட்டுக் கூப்பிட்டே சொந்தமாகிவிட்டோம். பருத்தித்துறையில் அவர் வீட்டு மாமரத்துக்குக் கீழே நிற்கிற அந்தக் காரைத் துடைக்கிறது, தள்ளுறது, பழுது பார்க்கிறன் எண்டு இன்னும் பழுதாக்கிறது எல்லாம் எங்கட வேலை. கம்பஸ் லீவு விட்டால் நாங்கள் நிற்கிற இடமும் அதுதான்.

போன மார்கழியில் எங்களுக்கு ஒரு ஆசை வந்தது. காருக்கு முன்னால் மேலதிக லைற் பூட்ட வேணும். ஓட்டோக்காரர் பூட்டியிருக்கினம், மோட்டார் சைக்கிள்காரர் பூட்டியிருக்கினம், எங்கட காருக்கு மட்டும் என்ன குறை? யாழ்ப்பாண ரவுனில் ஒரு கடையில் நீளமான எல்.ஈ.டி. லைற் ஒன்றை வாங்கினோம். பம்பரில் இறுக்கி, சிவப்பு வயரைப் பற்றரிக்கும் கறுப்பு வயரைப் பொடிக்கும் குடுத்துச் சுவிச்சைப் போட்டால், பத்தவே இல்லை.

சந்தியில் கராச் வைத்திருக்கிற அண்ணை வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பியவை, இது பொசிற்றிவ் ஏர்த் கார்."

இண்டைக்கு ஓடுகிற எந்தக் காரிலும் பற்றரியின் நெகற்றிவ்தான் பொடியில் பூட்டியிருக்கும். அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலதில் அது மறுவளம். மொறிஸ் மைனரில் பொசிற்றிவ்தான் பொடி. சாதாரண பல்புக்கு மின்சாரம் எந்தப் பக்கத்தால் வந்தாலும் ஒன்றுதான், ஆனால் எல்.ஈ.டி.க்கு அப்படியில்லை. வயரை மாற்றிக் குடுத்தோம். பளிச்செண்டு பத்திச்சுது. மதில், மாமரம், பக்கத்து வீட்டுக் கூரை எல்லாம் வெள்ளையாய்ப் போனது. நாங்கள் கைதட்டினோம். பெரியப்பா மட்டும் கண்ணைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தை மாதம் ஒரு விடியற்காலை. கொழும்பு ரயிலுக்கு ஒருவரை யாழ்ப்பாணம் கொண்டுபோய் விட வேணும். நெல்லியடி தாண்டி வல்லைவெளிக்குள் இறங்கினால் பனி. 750 பஸ்ஸில் போய்வாற ஆக்களுக்கு அந்த இடத்தைச் சொல்லத் தேவையில்லை. வீடில்லை, மரமில்லை, காற்றும் உப்புத்தண்ணியும்தான். பனி இறங்கினால் றோட்டு எது, வெளி எது எண்டு தெரியாது.

லைற்றைப் போட்டோம். முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பினது. பனி எண்டால் காற்றில் மிதக்கிற சின்னச் சின்ன நீர்த்துளிகள்தானே. உயரத்திலிருந்து நேராக அடிக்கிற வெளிச்சம் அந்தத் துளிகளில் பட்டுத் திரும்பி எங்கட கண்ணுக்கே வரும். வெளிச்சம் கூடக் கூடச் சுவரும் தடிக்கும். அந்தச் சுவருக்குள் இருந்து திடீரெண்டு ஒரு சைக்கிள் வந்தது. ஸ்ரியறிங்கில் இருந்த ஆள் இடது காலால் டிப் சுவிச்சை அமத்தினார் (மைனரில் அது நிலத்தில் இருக்கும்). ஹெட்லைற் இரண்டும் பணிந்தன. எல்.ஈ.டி. பணியவில்லை. அதை நாங்கள் பற்றரியில் இருந்து நேராகத் தனிச் சுவிச்சுக்கு எடுத்திருந்தோம். டிப்புக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

சைக்கிள் றோட்டை விட்டு இறங்கிச் சேற்றுக்குள் விழுந்தது.

ஸ்ரியறிங்கில் இருந்தது யார் எண்டு எழுதப் போறதில்லை. மூன்று பேரும் சேர்ந்துதான் அந்த லைற்றைப் பூட்டினனாங்கள்.

ஓடிப்போய்த் தூக்கினோம். எழுபது வயசு மதிக்கலாம். சந்தைக்குக் கொண்டுபோன கீரைக்கட்டு எல்லாம் சேற்றில். முழங்கையில் தோல் உரிஞ்சு இரத்தம். ஆஸ்பத்திரிக்கு வாங்கோ ஐயா எண்டு கெஞ்சினோம், மாட்டன் எண்டுவிட்டார். ஏச்சு விழும் எண்டு நிண்டோம், ஏசவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நான் உங்களைத் தூரத்திலயே கண்டிட்டன். ஆனா உங்கட லைற்றால எனக்குக் கீழ இருந்த றோட்டு தெரியேல்லை. ஆருக்குக் காட்டவடா தம்பி இந்த லைற்?"

கீரைக்குக் காசு குடுத்தோம். அந்தக் கேள்விக்கு எங்களிட்டப் பதில் இருக்கேல்லை.

அண்டைக்குப் பின்னேரமே எல்.ஈ.டி.யைக் கழற்றினோம். பெரியப்பா அப்போதுதான் வாய் திறந்தார். 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கினதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, பெற்றோலும் பற்றரியும் தடைப்பட்டியலில் போயின. அந்தக் காலம் முழுக்க இந்தக் காரை அவர் மண்ணெண்ணெயில் ஓட்டினவர். ஸ்ராட் எடுக்க மட்டும் கொஞ்சம் பெற்றோல். ஹெலிக்குப் பயந்து இரவில் லைற் போடேலாது. ஒருநாள் பிள்ளைப்பெறுவுக்கு ஒரு அக்காவை மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேக்க, வெள்ளைச் சாரம் கட்டின ஒராள் முன்னுக்கு நடக்க, அந்த வெள்ளையைப் பார்த்து இவர் பின்னால் உருட்டினவராம். "லைற் இல்லாமலும் ஒருத்தரையும் இடிக்கேல்லை" எண்டார். எங்களுக்கு உறைக்க வேணும் எண்டே சொன்னது.

இதோடு இன்னொன்றையும் வாசித்து அறிந்தோம். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் சென்ரர் நடத்திய சார்ல்ஸ் வெயர் எண்டவர், அந்தக் கார்களுக்கான உதிரிப்பாகங்களை 1990-களில் இலங்கையில் செய்வித்து அங்கே எடுத்தவர். ஒரே தீவில் ஒரு பக்கம் மைனருக்குத் தகடு அடித்து இங்கிலாந்துக்கு அனுப்ப, இன்னொரு பக்கம் அதே மைனருக்கு ஒரு பற்றரி கிடையாது. பெரியப்பாவுக்கு இதைச் சொன்னோம். "அப்பிடியோ" எண்டதோடு சரி.

பிறகு முறையாகச் செய்யத் தொடங்கினோம். மேலதிக லைற் எண்டு எல்லாரும் ஒரே பெயரில் சொன்னாலும் அதில் இரண்டு சாதி இருக்கு. ஒன்று ட்ரைவிங் லைற். ஒடுங்கி, நீளமாய், தூரத்துக்கு அடிக்கும். ஹை பீமோடு மட்டும் எரிய வேணும், டிப் பண்ணினால் அதுவும் நிற்க வேணும். மற்றது பனி லைற். அகலமாய், கிட்ட, நிலத்தோடு ஒட்டி அடிக்கும், மேல் விளிம்பு வெட்டினமாதிரி நிற்கும். பதிவாகப் பூட்டினால் வெளிச்சம் பனிக்குக் கீழால் போய் றோட்டின் கரையைக் காட்டும். மஞ்சள் லைற் பனியைத் துளைக்கும் எண்டு சொல்லுவினம். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிட எவ்வளவோ பெரிசு, அதனால் எந்த நிறமும் ஒரேமாதிரித்தான் சிதறும். மஞ்சளில் நீலக் கூச்சம் குறைவு, கண்ணுக்குச் சுகம், அவ்வளவுதான்.

லண்டனில் இருந்து வந்த மச்சான் ஒருவர் லூக்காஸ் எஸ்.எஃப்.ரி. 576 பனி லைற் ஒரு சோடி கொண்டுவந்து தந்தார். அசல் இல்லை, அந்தக் கால அச்சிலேயே இப்ப செய்கிற நகல். கார் அசல், லைற்தான் நகல். கண்ணாடியில் நெடுக்குக் கோடுகள் இருக்கு, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விரிக்கிறது அதுதான். உள்ளே 55 வாற் ஹலஜன் பல்ப்.

பூட்ட முதல் கணக்குப் பார்க்கச் சொன்னார் கராச் அண்ணை. மைனரில் அல்ரனேற்றர் இல்லை, டைனமோ. எங்கட டைனமோ உச்சத்தில் தருகிறது 22 அம்பியர். பனி லைற் இரண்டுக்கும் 110 வாற், அது 9 அம்பியருக்கு மேல். டிப்பில் ஹெட்லைற் 6, சின்ன லைற்றுகள் 2, கொயில் 4. கூட்டினால் 21. வைப்பரைப் போட்டால் பற்றரியில் இருந்துதான் எடுக்கும். அதனால் பனிக்குள் ஹெட்லைற்றை நிற்பாட்டி, சின்ன லைற்றோடு பனி லைற்றை மட்டும் எரிக்கிறது எண்டு முடிவெடுத்தோம். கணக்கு 15-க்கு இறங்கினது. பனிக்குள் ஹெட்லைற் இல்லாததே கண்ணுக்கும் நல்லது.

அடுத்தது றிலே. 9 அம்பியரை அறுபது வருசச் சுவிச்சுக்குள்ளால் விட்டால் சுவிச் சுடும், வெளிச்சமும் மங்கும். வோல்ற்றேஜ் 10 சதவீதம் விழுந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் விழும். ஆகவே பற்றரியில் இருந்து 15 அம்பியர் பியூஸ், அதில் இருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் வயரால் றிலேயின் 30-க்கு. 87-இல் இருந்து லைற்றுகளுக்கு. 85 பொடிக்கு. 86-க்குச் சுவிச் ஊடாகச் சின்ன லைற்றின் சிவப்பு வயர். சின்ன லைற் நின்றால் இதுவும் நிற்கும், மறந்துபோய் எரியவிட வழியில்லை. ட்ரைவிங் லைற் பூட்டுகிற ஆக்கள் அந்த 86-ஐ ஹை பீமின் நீலம்-வெள்ளை வயரில் இருந்து எடுக்க வேணும். அப்ப காலால் டிப்பை அமத்தினால் அதுவும் சேர்ந்து நிற்கும். அந்த ஒரு வயரைத்தான் நாங்கள் முதல்தரம் யோசிக்கேல்லை.

கடைசி வேலை மதிலில். சமதரையில் 25 அடி தள்ளிக் காரை நிறுத்தி, லைற்றின் நடு உயரத்தை மதிலில் கரியால் கோடு கீறினோம். வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 4 அங்குலம் கீழே வரும்வரை லைற்றைக் குனிய வைத்து இறுக்கினோம். பிறகு ஒருவர் மாறி ஒருவர் சைக்கிளில் காருக்கு எதிரே வந்து பார்த்தோம். பெரியப்பாவும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருதரம் வந்தார். "கண் கூசேல்லை" எண்டார்.

பருத்தித்துறை வெளிச்சவீடு 1916-இல் கட்டினது, 32 மீற்றர் உயரம். கடலில் போறவன் தன்னைக் காண வேணும் எண்டே அதை அவ்வளவு உயரத்தில் வைத்தவை. றோட்டில் போற லைற்றுக்கு அந்த வேலை இல்லை.

மாசியில் திரும்பவும் பனிக்குள் வல்லைவெளியால் போனோம். இருபது மைல் வேகம். றோட்டின் கரையும், கரையில் முளைத்த புல்லும் தெரிந்தன. எதிரே இரண்டு சைக்கிள் வந்து, நேராய்ப் போயின. ஒருவராவது அந்த ஐயாவாய் இருக்குமோ எண்டு திரும்பிப் பார்த்தோம். பனிக்குள் முகம் தெரியேல்லை.