அப்பாவின் நாற்பதும் ஒரு பிசிக்ஸ் கணக்கும்

எனக்கும் பிசிக்ஸுக்கும் ஏழாம் பொருத்தம். கொல்லங்கோட்டில் படித்த காலத்தில் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். 'ஆத்யப்ரவேகம்', 'த்வரணம்' என்று சார் போர்டில் எழுத, நான் ஜன்னல் வழியாக நெல்லியாம்பதி மலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்புறம் பி.காம்., வங்கி, துபாய். பிசிக்ஸ் தொலைந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

போன வாரம் மகள் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தோடு வந்து நின்றாள். "அப்பா, தூரம் கண்டுபிடிக்கும் ஃபார்முலாவில் இந்த அரை எங்கிருந்து வந்தது?"

முழித்தேன். பிறகு நமக்குத் தெரிந்த பாஷையில் யோசித்தேன். கடைசி வேகம் = தொடக்க வேகம் + முடுக்கம் × நேரம். அட, இது ஓப்பனிங் பேலன்ஸோடு தினமும் ஒரே தொகையைக் கட்டிக்கொண்டு வருவதுதானே! சேமிப்புக் கணக்குக்கு 2010 ஏப்ரலில் இருந்து இந்தியாவில் தினசரி இருப்பை வைத்துத்தான் வட்டி. ஒவ்வொரு நாள் இருப்பையும் கூட்டுவோம். அதேபோல ஒவ்வொரு நொடியின் வேகத்தையும் கூட்டினால் தூரம். பூஜ்யத்தில் தொடங்கிச் சீராக ஏறினால் சராசரி இருப்பு கடைசி இருப்பில் பாதி. அந்தப் பாதிதான் அரை! 14-ஆம் நூற்றாண்டிலேயே ஆக்ஸ்ஃபோர்டு மெர்ட்டன் கல்லூரிக்காரர்கள் இதைச் சொல்லிவிட்டார்களாம். கலிலியோ 1638-இல் வந்த தன் புத்தகத்தில் விழும் பொருட்களுக்கு இதைப் பொருத்திக் காட்டினார். எனக்குத்தான் கொஞ்சம் லேட்.

அடுத்தது பிரேக் கணக்கு. நேரம் தெரியாவிட்டால் மூன்றாவது ஃபார்முலா: வேகத்தின் வர்க்கத்தை, வேகம் குறையும் வீதத்தின் இரு மடங்கால் வகுத்தால் நிற்கும் தூரம். (பிரேக் ஒரே சீராகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால்தான் இது சரி.) அப்போதுதான் அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா லாரி டிரைவர். முதலமடையில் மாங்காய் ஏற்றுவார். என்ன அவசரமானாலும் நாற்பதுதான். "உங்கப்பன் ஓட்டறது லாரியா, மாட்டு வண்டியா?" என்று பையன்கள் கேட்பார்கள். எனக்கு அவமானமாக இருக்கும்.

ஒரு நாள் நானும் கேபினில் இருந்தேன். ஆட்டைத் துரத்திக்கொண்டு ஒரு பையன் ரோட்டில் பாய்ந்தான். லாரி அவனுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அப்பா ஒன்றும் பேசவில்லை. இறங்கி ஒரு பீடி குடித்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.

மகளோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். லோடு லாரி, நொடிக்கு நொடி 4 மீட்டர் வேகம் குறைகிறது, டிரைவர் சுதாரிக்க ஒரு நொடி என்று வைத்துக்கொண்டோம். நாற்பது கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 11.1 மீட்டர். சுதாரிப்பதற்குள் 11 மீட்டர், பிரேக்கில் 15.4. மொத்தம் சுமார் 26.5 மீட்டர். அறுபதில் வந்திருந்தால்? 16.7 + 34.7, அதாவது 51 மீட்டருக்கு மேல்.

"அந்தப் பையன் நின்ன இடத்துல லாரி என்ன வேகத்துல இருந்திருக்கும்ப்பா?" என்றாள். அதையும் போட்டோம். சுதாரிப்பதிலேயே 16.7 மீட்டர் போய்விடும். பிரேக்குக்கு மிச்சம் பத்து மீட்டர்கூட இல்லை. விடை, மணிக்கு 51 கிலோமீட்டர்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தாத்தாவுக்கு இந்த ஃபார்முலா தெரியுமா?"

"தாத்தா அஞ்சாவதும்மா."

அப்பா இப்போது இல்லை. 'மாட்டு வண்டி' என்று நானும் ஒரு தடவை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அதற்கு மன்னிப்புக் கேட்க இத்தனை வருஷம் கழித்து, இந்த ஊரில் இருந்துகொண்டு, எந்த ஃபார்முலாவும் இல்லை. முன்னால் போகும் வண்டிக்கு லைட் அடித்து விரட்டும் பழக்கத்தை மட்டும் அன்றோடு விட்டுவிட்டேன்.

நாளைக்குக் கெமிஸ்ட்ரியாம். பரிகாரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்!