திருத்தணியில் ஒரு வெற்றுப் புட்டி

அரக்கோணத்தைக் கடந்து மின்தொடர் வண்டி வடக்கே செல்லச் செல்ல, திருத்தணிக் குன்றும் அதன் உச்சியிலுள்ள முருகன் கோயிலும் கண்ணிற்படும். 1960-இல் ஆந்திரத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்த எல்லை ஊர் இது. 2025 ஆடித் திங்களில், நண்பர் இல்லத்து வலீமா விருந்துக்காகத் தங்கை மகனுடன் அங்கே இறங்கினேன்.

ஆடிக் கிருத்திகை நெருங்கியிருந்தது. மலர்க் காவடி ஏந்தியோர் தமிழும் தெலுங்கும் பேசிக்கொண்டு சரவணப் பொய்கையை நோக்கி நடந்தனர். ரயிலிலும் பேருந்திலும் வந்து, 365 படிகளைக் காலால் ஏறும் கூட்டம். பயணத்தால் எழும் புகை சொற்பமே.

நானோ குடித்து முடித்த நீர்ப் புட்டியை வீச இடம் தேடினேன். “மாமா, அதை என்னிடம் கொடுங்கள்” என்று வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டான் மருமகன். அவன் சாரணன். அவ்வாண்டு சனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் நடந்த பெருந்திரளணிக்குச் சென்று வந்தவன். அயல்நாட்டுச் சாரணரும் அங்கு வந்திருந்தனர்.

“உலகத் திரளணியில் பல்லாயிரவர் கூடுகிறார்களே, அங்கே எப்படி?” என்றேன்.

“குப்பையைப் பொறுக்குவது கடைசி வேலை, மாமா. இடமும் பருவமும் பயணமுமே முதற் கணக்கு” என்றான்.

2023 ஆகஸ்டில் கொரியாவின் சேமங்கமில் 40,000-க்கும் மேற்பட்டோர் கூடினர். கடலைத் தடுத்து மீட்ட நிலம். நிழல் தர மரமில்லை. வெயிலில் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர். புயல் அச்சத்தால், முடிவு நாளுக்கு முன்னரே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகளில் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். இடமும் பருவமும் பொருந்தாவிடில், மண்ணுக்கும் மக்களுக்கும் இரட்டைச் சுமை.

பன்னாட்டுக் கூட்டங்களில் புகையின் பெரும்பங்கு விமானப் பயணத்தால் விளைவது. ஆகவே அண்டை நாட்டினர் தத்தம் வட்டாரத்தில் கூடுவதும், ரயிலில் வருவதும் சிறந்த வழிகள். 1958 முதல் சாரணர்கள் வானொலி வழியாகவே ஆண்டுதோறும் உலகத் திரளணி நடத்துகின்றனர். இன்று இணையமும் அதற்குத் துணை நிற்கிறது. முகாமில் கழுவிப் பயன்படுத்தும் தட்டு, சொந்தக் குவளை, பொதுக் குழாய், மக்கும் கழிவுக்குத் தனிக் குழி ஆகியவை போதும்.

ஏறத்தாழ முக்கால் லிட்டர் நீரில் வுளூச் செய்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறையை மாணவர்க்குப் போதிப்பவன் நான். அதே அளவு நீருக்கு ஒரு புட்டியை வாங்கி எறியத் துணிந்தேனே!

விருந்தில் வாழையிலையும் எவர்சில்வர் தம்ளரும் கண்டு மனம் குளிர்ந்தது. விடைபெறுகையில் புட்டியைத் திரும்ப வாங்கி, நண்பர் வீட்டுக் குழாயில் நிரப்பிக்கொண்டேன். நம் இல்லத்து அடுத்த விருந்துக்கு அழைப்பிதழ் அச்சிடும் முன்னரே, எத்தனை குவளை கழுவ ஆள் வேண்டும் என்று கணக்கிடுவோமா?